தலைவர் எப்போது முடிவெடுத்தார்? நேர்சாட்சிகளின் கூற்றை எடைபோடும் முறை

புகழ்பெற்ற தலைவர் ஒருவர் ஒரு பெரிய முடிவை எப்போது எடுத்தார், யாருடைய பேச்சைக் கேட்டு எடுத்தார் என்று எழுத முற்படுவோருக்குச் சாட்சிகளுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. அந்த முடிவு பிற்காலத்தில் பெயர் பெற்றுவிட்டால், அது பிறந்தபோது தாமும் பக்கத்தில் இருந்ததாகச் சொல்வோர் ஆண்டுக்கு ஆண்டு பெருகுவர். அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862 கோடையில், கிளர்ச்சி செய்த தென்மாநிலங்களின் அடிமைகளை விடுவிக்கும் அடிமை விடுதலைப் பிரகடனத்தை வெளியிடத் தீர்மானித்த வரலாறு இதைக் கற்றுக்கொள்ள நல்ல களம். ஜூலை 13 அன்று குதிரை வண்டியில் போகும்போது லிங்கன் தம்மிடம் முதன்முதலாக இதைச் சொன்னார் என்கிறார் கடற்படைச் செயலர் கிடியன் வெல்ஸ். இல்லை, ஜூன் 18 அன்றே துணை அதிபர் ஹானிபல் ஹாம்லினுக்கு வரைவை வாசித்துக் காட்டிவிட்டார் என்கிறது ஹாம்லின் குடும்பம். போர்த்துறைத் தந்தி அலுவலகத்தின் தலைவராயிருந்த தாமஸ் எக்கெர்ட்டோ, ஜூன் மாதத்திலிருந்து தம் மேசையில் உட்கார்ந்துதான் அதிபர் அதை நாளுக்குக் கொஞ்சமாக எழுதினார் என்கிறார். லிங்கனே தம்மிடம் வேறு விதமாகச் சொன்னதாக ஓவியர் பிரான்சிஸ் கார்பென்டர் எழுதிவைத்திருக்கிறார். இவர்களில் எவரையும் பொய்யர் என்று ஒதுக்க நமக்கு முகாந்திரம் இல்லை. எல்லாரையும் ஒருங்கே நம்பவும் வழியில்லை. இப்படிப்பட்ட கூற்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது என்பதை இந்த ஒரு வழக்கை வைத்தே விளக்குகிறேன்.

கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

‘எப்போது முடிவெடுத்தார்’ என்ற ஒரே கேள்விக்குள் குறைந்தது நான்கு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. எண்ணம் எப்போது தோன்றியது, எழுத்தில் எப்போது இறங்கியது, பிறர் காதில் எப்போது விழுந்தது, இனிப் பின்வாங்க முடியாது என்ற நிலை எப்போது வந்தது என நான்கையும் தனித்தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முடிவு ஒருவருடைய மனத்துக்குள் நடப்பது. அதை நேரில் கண்டவர் எவரும் இருக்க முடியாது. சாட்சி கண்டதெல்லாம் ஒரு மனிதர் பேசியதையும், எழுதியதையும், தயங்கியதையுமே. ஆகவே நேர்சாட்சியால் மூன்றாவது கேள்விக்கு நன்றாகவும், இரண்டாவதற்கு ஓரளவுக்கும் விடை சொல்ல முடியும். முதல் கேள்விக்கு அவர் விடை சொல்ல முற்படும்போது அவர் சாட்சி நிலையிலிருந்து இறங்கி, நம்மைப் போல ஊகம் செய்யும் ஒருவராகிவிடுகிறார். ‘அன்றுதான் அவர் தீர்மானித்தார்’ என்று ஒரு நினைவுக்குறிப்பில் படித்தால், ‘அன்றுதான் எனக்குத் தெரியவந்தது’ என்று மனத்துக்குள் திருத்தி வாசிப்பது நல்ல பழக்கம்.

ஆட்களிடம் போகுமுன் தாள்களிடம் போங்கள்

சாட்சிகளைப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே, மறதிக்கு ஆட்படாத சில நாள்களை ஊன்றிவைக்க வேண்டும். 1862 ஜூலை 22 அன்று அமைச்சரவையில் லிங்கன் வாசித்த வரைவு, அவருடைய கையெழுத்திலேயே இரண்டு பக்கங்களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. ஜூலையில் அமைச்சரவைக்குக் காட்டிய முதல் வரைவு இது என்று அவரே அதன்மேல் குறித்தும் வைத்திருக்கிறார். அந்த வரைவின் தொடக்கமே, கிளர்ச்சியாளரின் சொத்துகளைப் பறிமுதல் செய்யும் இரண்டாவது சட்டத்தின் ஆறாவது பிரிவைச் சுட்டுகிறது. அந்தச் சட்டத்தில் லிங்கன் கையொப்பமிட்டது ஜூலை 17 அன்று. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: நம் கையில் உள்ள வரைவு அதன் இப்போதைய வடிவில் ஜூன் மாதத்தில் இருந்திருக்க முடியாது. எக்கெர்ட்டும் ஹாம்லின் குடும்பத்தாரும் சொல்வது முழுவதும் உண்மையாகவே இருந்தாலும், அவர்கள் கண்டது வேறொரு தாளாகத்தான் இருக்க வேண்டும். அப்படி ஒரு தாள் இதுவரை கைக்கு வந்ததில்லை. எந்தச் சாட்சியின் நாணயத்தையும் தொடாமலேயே, ஒரு சட்டத்தின் நாளைக் கொண்டு இவ்வளவு தூரம் வந்துவிடலாம்.

இதேபோல மற்ற நாள்களையும் ஊன்றிக்கொள்ளுங்கள். ஜூலை 12 அன்று, அடிமைமுறை இருந்தும் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரியாத எல்லை மாநிலங்களின் பிரதிநிதிகளை அழைத்து, இழப்பீடு பெற்றுக்கொண்டு படிப்படியாக அடிமைமுறையைக் கைவிடும்படி லிங்கன் வேண்டினார், பெரும்பாலோர் மறுத்தனர். செப்டம்பர் 17 அன்று மேரிலாந்தில் ஆன்டீட்டம் போர் நடந்தது. செப்டம்பர் 22 அன்று முன்னறிவிப்புப் பிரகடனமும், 1863 ஜனவரி 1 அன்று இறுதிப் பிரகடனமும் வெளிவந்தன.

எழுதிய நாள்படி வரிசைப்படுத்துங்கள்

புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் கூற்றுகளை நிகழ்ச்சி நடந்த நாள்படி அடுக்குகிறார்கள். அப்படி அடுக்கினால் ஹாம்லின் முதலிலும், வெல்ஸ் நடுவிலும், கருவூலச் செயலர் சால்மன் சேஸ் கடைசியிலும் வந்து, ஒரு தொடர்கதை போலப் படிக்க இனிமையாக இருக்கும். அந்த இனிமையே நம்மை ஏமாற்றும். எழுதப்பட்ட நாள்படி அடுக்கிப் பாருங்கள். ஜூலை 22 கூட்டத்தைப் பற்றிப் போர்ச் செயலர் எட்வின் ஸ்டான்டன் எழுதிய கைக்குறிப்பும், சேஸின் நாட்குறிப்பும் அந்த நாளுக்கே உரியவை. கார்பென்டரிடம் லிங்கன் பேசியது 1864 பிப்ரவரியில். கார்பென்டரின் நூல் அச்சானது 1866-ல், லிங்கன் கொல்லப்பட்ட பிறகு. ஹாம்லினின் கதை விரிவாக அச்சேறியது அவருடைய பேரன் எழுதிய வரலாற்றில், 1899-ல். ஹாம்லின் இறந்தது 1891-ல். எக்கெர்ட்டின் கூற்று அவருடன் பணியாற்றிய ஒருவரின் நூல் வழியாக 1907-ல், அதாவது நிகழ்ச்சிக்கு 45 ஆண்டுகள் கழித்து வருகிறது. அட்டவணையில் ‘சொன்னவர்’, ‘கேட்டு எழுதியவர்’ என்று இரண்டு பத்திகள் கட்டாயம் இருக்கட்டும். கார்பென்டர், ஹாம்லின் குடும்பம், எக்கெர்ட் ஆகிய மூன்று இடங்களிலும் இந்த இரண்டு பத்திகளில் வெவ்வேறு பெயர்கள் வருவதை உடனே காண்பீர்கள்.

வெல்ஸிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ‘நாட்குறிப்பு’ என்று அட்டையில் இருந்தால் அன்றன்று எழுதியது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் 1911-ல் அச்சான அவருடைய நாட்குறிப்பில், ஜூலை 13 வண்டிப் பயணம் இடம்பெறும் பகுதியைச் சற்று நிதானமாகப் படித்தால், அதன் நடையே உண்மையைச் சொல்லிவிடும். ஸ்டான்டனின் குழந்தை இறந்து, அந்த இறுதிச் சடங்குக்குப் போகும் வழியில் இந்தப் பேச்சு நடந்தது. ஸ்டான்டன் அந்நாளில் குடியிருந்த வீட்டைப் பற்றி எழுதும்போது, அது ஒரு கடற்படை அதிகாரியின் வீடு என்றும், அவர் பெயர் இன்னதென்று நினைப்பதாகவும் வெல்ஸ் எழுதுகிறார். அன்று மாலையே எழுதுபவர் ‘அந்நாளில்’ என்று எழுத மாட்டார். சற்று முன்பு போய்வந்த வீடு யாருடையது என்பதில் அவ்வளவு தடுமாறவும் மாட்டார். இந்தப் பகுதி பின்னாளில் திரும்பிப் பார்த்து எழுதப்பட்டது. அதே வெல்ஸ் செப்டம்பர் 22 பற்றி எழுதியதோ நாட்குறிப்பின் அன்றாடப் பதிவுக்குள் வருகிறது. ஆக, ஒரே மனிதர், ஒரே நூல், இருவேறு தரம். தவிர, வெல்ஸ் தம் பழைய பதிவுகளைப் பிற்காலத்தில் திருத்தியும் இருக்கிறார். 1911 பதிப்பு அதைக் காட்டவில்லை. எது முதலில் எழுதியது, எது பின்னர்ச் சேர்த்தது என்பதைப் பிரித்துக் காட்டியது 1960-ல் ஹோவர்ட் பீல் வெளியிட்ட பதிப்பு. எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தோம் என்பதைக் குறிக்காமல் வெல்ஸை மேற்கோள் காட்டுவதில் பயனில்லை என்பது என் கருத்து.

லிங்கன் சொன்னதாகப் பிறர் நினைவுகூர்ந்த சொற்களை மட்டும் தொகுத்து, டான் ஃபெரன்பாக்கரும் வர்ஜீனியா ஃபெரன்பாக்கரும் 1996-ல் ஐந்து தரங்களாகப் பிரித்தனர். சில நாள்களுக்குள் நேர்ச்சொல்லாகக் குறிக்கப்பட்டவை முதல் தரம். அதே காலத்தில் சாரமாகக் குறிக்கப்பட்டவை இரண்டாம் தரம். பின்னாளில் எழுதப்பட்டவை மூன்றாம் தரம். வழக்கத்துக்கு மீறிய ஐயத்துக்குரியவை நான்காம் தரம். பெரும்பாலும் கட்டுக்கதை என்று படுபவை ஐந்தாம் தரம். எந்த நாட்டுத் தலைவரைப் பற்றி எழுதினாலும் உங்கள் குறிப்புகளின் ஓரத்தில் இந்த ஐந்து எண்களைப் போட்டுவரலாம்.

சரிபார்க்கக்கூடிய சிறு செய்திகளைத் தட்டிப் பாருங்கள்

கார்பென்டரிடம் லிங்கன் சொன்ன கூற்றுதான் இந்த வரலாற்றில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது. முடிவெடுத்தவரே பேசுகிறார் என்பதால் அதை இறுதிச் சொல்லாக எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அதில் வரும் நாள்களை நாள்காட்டியோடு ஒப்பிடுங்கள். முதல் வரைவை வாசித்த கூட்டம் ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ, ஒரு சனிக்கிழமை நடந்ததாக நினைவு என்கிறார். அது நடந்தது ஜூலை 22, செவ்வாய்க்கிழமை. செப்டம்பரில் சனிக்கிழமை அமைச்சரவையைக் கூட்டி வாசித்து, திங்கட்கிழமை வெளியிட்டதாகச் சொல்கிறார். சேஸ், வெல்ஸ் ஆகிய இருவருடைய நாட்குறிப்புகளின்படியும் கூட்டமே திங்கட்கிழமை, 22-ஆம் தேதிதான். தம் வாழ்நாளின் மிகப் பெரிய செயலைப் பற்றி, அது நடந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், செய்தவரே இரண்டு முறை நாளைத் தவறவிடுகிறார்.

இதற்காக அந்தக் கூற்றைக் குப்பையில் போட வேண்டியதில்லை. மனித நினைவு முதலில் நழுவவிடுவது நாளையும் கிழமையையும்தான். யார் எதிர்த்தார், யார் தாமதமாக வந்தார் என்பவை அதைவிட நீண்ட காலம் தங்கும். அஞ்சல்துறைத் தலைவர் மான்ட்கோமரி பிளேர் கூட்டம் தொடங்கிய பின்னரே வந்தார், வந்து இலையுதிர்காலத் தேர்தல்களில் தோற்றுப்போவோம் என்று எச்சரித்தார் என லிங்கன் சொல்வதை ஐயப்பட எனக்குக் காரணம் தெரியவில்லை. எனவே ஒரு கூற்றை முழுவதுமாக ஏற்கவோ தள்ளவோ முற்படாமல், அதை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித் தரம் கொடுங்கள். ஆனால் ஒருவருடைய வாதம் முழுவதும் ஒரு நாளின் மேலேயே நிற்குமானால், அங்கே இந்தத் தாராளம் கூடாது. ஜூன் 18 என்ற நாளை எடுத்துவிட்டால் ஹாம்லின் கதையின் முதன்மையே போய்விடுகிறது அல்லவா?

முரண்களை அவசரப்பட்டுச் சமாதானம் செய்யாதீர்கள்

அமைச்சரவையைக் கேட்காமலும் அதற்குத் தெரியாமலும் வரைவை எழுதியதாக லிங்கன் கார்பென்டரிடம் சொன்னார். வெல்ஸோ, ஜூலை 13 அன்றே தமக்கும் வெளியுறவுச் செயலர் வில்லியம் சீவர்டுக்கும் லிங்கன் விஷயத்தைச் சொல்லிவிட்டார் என்கிறார். எண்ணத்தை 13-ஆம் தேதி சொன்னார், எழுதியதை மட்டும் மறைத்தார் என்று இரண்டையும் பொருத்திவிடலாம்தான். பொருந்துகிறது என்பதனாலேயே அது நடந்ததாகிவிடாது. எல்லை மாநிலப் பிரதிநிதிகளைச் சந்தித்த மறுநாள் லிங்கன் மனம் சலித்திருப்பார் என்ற ஊகம் வெல்ஸின் கதைக்கு வலுச்சேர்க்கிறது. ஆனால் அந்தச் சந்திப்பு வெல்ஸுக்கும் தெரிந்ததே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இத்தகைய இடங்களில் முரண் இருக்கிறது என்பதை வாசகருக்குச் சொல்லிவிட்டு, நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள், ஏன் சாய்கிறீர்கள் என்று எழுதுவதே முறை. நான் வெல்ஸின் பக்கமே சாய்வேன்: அந்தக் கதையில் சீவர்டும் அவருடைய மருமகளும் உடனிருந்ததாக அவர் சொல்கிறார், ஒரு பொய்க்கதையைப் புனைபவர் மறுத்துச் சொல்லக்கூடிய இருவரைத் தேவையில்லாமல் வண்டியில் ஏற்றிவைக்க மாட்டார்.

ஜூலை 22 கூட்டத்தில் சேஸ் என்ன சொன்னார் என்பது இன்னும் சுவையான முரண். ஸ்டான்டனின் கைக்குறிப்பின்படி, இது பெரும் ஆபத்து, எல்லா அடிமைகளின் விடுதலையிலும் கொண்டுபோய் விடும் என்று சேஸ் கருதினார். சேஸின் நாட்குறிப்பின்படி, அவர் முழு ஆதரவு தருவதாகச் சொன்னார்; ஆனால் தளபதிகள் தத்தம் பகுதிகளில் அடிமைகளை விடுவித்து ஆயுதம் கொடுப்பதே ஆரவாரமில்லாத நல்ல வழி என்றும் சேர்த்துக்கொண்டார். லிங்கன் பின்னாளில் சொன்னதன்படி, கறுப்பினத்தவருக்கு ஆயுதம் அளிப்பது பற்றிய சொற்கள் இன்னும் அழுத்தமாக வேண்டும் என்று சேஸ் கேட்டார். மூன்றையும் அடுக்கிப் பார்க்கும்போது, சேஸ் ஏதோ தயங்கினார், மாற்று வழி ஒன்றைச் சொன்னார், அதில் ஆயுதம் பற்றிய பேச்சு இருந்தது என்பது வரை உறுதியாகிறது. தயக்கம் எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு. அடிமைமுறை எதிர்ப்பில் அமைச்சரவையிலேயே முன்னணியில் நின்றவர் சேஸ். அப்படிப்பட்டவர் தம் தயக்கத்தைத் தம் கையாலேயே எழுதிவைப்பது தம் பெயருக்கு உதவாத செயல். தனக்குப் பாதகமாக ஒருவர் சொல்வதற்கு நீதிமன்றத்தில் கிடைக்கும் மதிப்பு இங்கேயும் உண்டு.

சீவர்டின் பேச்சில் இன்னொரு பாடம் இருக்கிறது. உடனே வெளியிடக்கூடாது, படைகளுக்காகக் காத்திருக்க வேண்டும், பருத்திக்காக வெளிநாடுகள் தலையிடும் என்று அவர் நீளமாக வாதிட்டதாக ஸ்டான்டன் அன்று குறித்தார். ஒன்றரை ஆண்டு கழித்து லிங்கன் நினைவுகூர்ந்தபோது பருத்தி மறைந்துவிட்டது. தோல்விகளுக்கு நடுவே வெளியிட்டால் களைத்துப்போன அரசின் கடைசிக் கூக்குரலாகத் தோன்றும், வெற்றி ஒன்று வரட்டும் என்று சீவர்ட் சொன்னது மட்டும் எஞ்சியது. இடையில் ஆன்டீட்டம் நடந்துவிட்டது. பின்னர் நடந்ததோடு பொருந்தும் வாதத்தை நினைவு தக்கவைத்துக்கொண்டு, பொருந்தாததைக் கழித்துவிட்டது. காத்திருக்கச் சொன்னார் என்பது இரு கூற்றுகளிலும் இருப்பதால் அதை நம்பலாம். அந்த அழகிய சொற்றொடரைச் சீவர்டின் வாயில் அப்படியே வைப்பதற்குத் துணிய வேண்டாம்.

யாருக்கு என்ன ஆதாயம்

இதை நான் இவ்வளவு பின்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. பலரும் இதிலேயே தொடங்கி இதிலேயே முடித்துவிடுகிறார்கள். 1873-ல் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ், மறைந்த சீவர்டைப் புகழ்ந்து பேசியபோது, லிங்கன் ஆட்சியின் மூளையே சீவர்ட்தான் என்பதுபோல் பேசினார். வெல்ஸ் கொதித்துப்போய் மறுப்பு எழுதினார். முடிவு லிங்கனுடையதே என்று நிலைநாட்டும் ஆவல் வெல்ஸுக்கு இருந்தது. ஆனால் ஆவல் உள்ளவர் சொல்வதெல்லாம் பொய் என்று ஆகாது. அவருடைய ஆவல் எந்த வாக்கியத்தை வளைத்திருக்கக்கூடும் என்று மட்டும் பாருங்கள்: பேச்சு நடந்தது என்பதை அது வளைக்காது, ‘முதன்முதலாக’ என்ற சொல்லை வளைக்கலாம்.

தலைவரின் சொந்தப் பேச்சுக்கும் இதே உரைகல்தான். ஆகஸ்ட் 22 அன்று பத்திரிகையாசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு எழுதிய கடிதத்தில், ஓர் அடிமையையும் விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காக்க முடிந்தால் அப்படியே செய்வேன் என்று லிங்கன் எழுதினார். வரைவு அப்போது ஒரு மாதமாக மேசைக்குள் இருந்தது. செப்டம்பர் 13 அன்று சிகாகோவிலிருந்து வந்த மதகுருமார்களிடம், இப்படி ஒரு பிரகடனம் வால்நட்சத்திரத்துக்கு எதிராகப் போப்பாண்டவர் பிறப்பித்த ஆணை போல வீணாகிவிடும் என்று வாதிட்டார். கூடவே, தாம் அதற்கு எதிராக முடிவு செய்துவிடவில்லை, ஆலோசனையில் இருக்கிறது என்றும் சொன்னார். அந்தக் குழுவினர் கேட்டதை நேர்மையாகத்தான் வெளியிட்டனர். அவர்கள் எழுதியது மட்டும் எஞ்சியிருந்தால், ஒன்பது நாளில் மனம் மாறினார் என்று நாம் எழுதியிருப்போம்.

ஒத்துப்போகும் இடங்களை மதியுங்கள்

செப்டம்பர் 22 கூட்டம் இந்த வழக்கின் மிக உறுதியான இடம். சேஸும் வெல்ஸும் நண்பர்களல்லர், ஒருவர் குறிப்பை ஒருவர் பார்த்து எழுதியவர்களும் அல்லர். இருவரும் அன்றைய பதிவில் ஒரே வியப்பான செய்தியைச் சொல்கிறார்கள். போரில் வெற்றி கிடைத்தால் பிரகடனத்தை வெளியிடுவதாக லிங்கன் கடவுளிடம் நேர்ந்துகொண்டதாகக் கூறினார். சேஸின் பதிவில், எனக்கு நானே வாக்குக் கொடுத்துக்கொண்டேன் என்று சொன்ன லிங்கன், சற்றுத் தயங்கி, ‘என்னைப் படைத்தவனுக்கும்’ என்று சேர்த்தார் என வருகிறது. அந்தத் தயக்கத்தையும் அடைப்புக்குறிக்குள் குறித்திருக்கிறார். வெல்ஸ் அதையே தெய்வ சித்தத்தின் அடையாளம், உடன்படிக்கை என்ற சொற்களில் எழுதுகிறார். சொற்கள் வேறுபட்டும் சாரம் ஒன்றாக இருப்பதே, அவர்கள் தனித்தனியே கேட்டார்கள் என்பதற்குச் சான்று. சொல்லுக்குச் சொல் ஒத்திருந்தால்தான் நான் ஐயப்படுவேன். கூட்டத்தின் தொடக்கத்தில் லிங்கன் ஒரு நகைச்சுவைக் கதையை வாசித்துக் காட்டினார், ஸ்டான்டனைத் தவிர மற்றவர்கள் ரசித்தார்கள் என்று சேஸ் எழுதுகிறார். வெல்ஸின் பதிவில் அது இல்லை. ஒருவர் எழுதாமல் விட்டதாலேயே அது நடக்கவில்லை என்று கொள்ள வேண்டாம். வெல்ஸுக்கு அது குறிக்கத் தக்கதாகப் படவில்லை, அவ்வளவுதான்.

எழுதும்போது வினைச்சொல்லில் கவனம்

எடைபோட்டு முடித்த பிறகு, அந்த எடை வாக்கியத்தில் தெரிய வேண்டும். ‘என்று சொன்னார்’, ‘என்று சொன்னதாக அன்றே குறித்தார்’, ‘என்று சொன்னதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார்’, ‘என்று குடும்பத்தில் வழங்குகிறது’ ஆகிய நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டால், அதுவரை செய்த உழைப்பு வீணாகும். இந்த வழக்கில் நான் எழுதக்கூடிய வாக்கியங்கள் இவை: 1862 ஜூலை நடுப்பகுதிக்குள் லிங்கன் பிரகடனத்தைப் பற்றித் தீவிரமாக எண்ணியிருந்தார் என்று வெல்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஜூலை 22 அன்று வரைவை அமைச்சரவையில் வாசித்தார். சீவர்டின் வாதத்துக்குப் பின் அது தள்ளிவைக்கப்பட்டது. ஆன்டீட்டத்துக்கு முன்பே தாம் நேர்ந்துகொண்டிருந்ததாகச் செப்டம்பர் 22 அன்று அவர் சொன்னதை, உடனிருந்த இருவர் அவரவர் நாட்குறிப்பில் எழுதினர். தந்தி அலுவலகத்து மேசையில் அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்ததாக எக்கெர்ட் பல பத்தாண்டுகள் கழித்துச் சொன்னார். அந்தத் தாள் கிடைக்கவில்லை. ஹாம்லினின் கதையை நான் அடிக்குறிப்பில் வைப்பேன், அதை விரிவாக அச்சேற்றியவர் அவருடைய பேரன் என்ற தகவலோடு.